சரிங்க தீனதயாளன்

தொட்டியங்காட்டில் தீனதயாளன் என்ற பெயரில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் உரக்கடை வைத்திருக்கிறார், அதனால் அவர் உரக்கடைக்காரர். இன்னொருவருக்கு ஊர் வைத்த பெயர் ‘சரிங்க தீனதயாளன்’. நாம் பேசப்போவது இவரைப் பற்றி. ஐம்பத்தேழு வயது, ஒல்லியான உடம்பு, வெளுத்த சட்டை, மூட்டுவலி. யார் எதைக் கேட்டாலும் அவர் வாயில் முதலில் வருவது “சரிங்க.” யோசித்துச் சொல்லுங்கள் என்றால் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு மறுபடியும் அதையேதான் சொல்வார்.

இது தங்கமான குணம் என்று நினைப்பவர்கள் அவரோடு ஒரு மாதம் குடித்தனம் செய்து பார்க்க வேண்டும். நெசவாளர் சங்கத் தேர்தலில் எதிரும் புதிருமாக நின்ற இரண்டு பேருக்கும் முன்மொழிந்து கையெழுத்துப் போட்டவர் இவர். இரண்டு மனுவும் தள்ளுபடியானது. மச்சினன் முறையாகும் அறிவு என்பவன் ஒரே ஒரு நாளைக்கு என்று வாங்கிப் போன மொபெட் மூன்று வருடமாகக் குமாரபாளையத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. வயிற்றுப்புண்ணுக்கு டீ ஆகாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே, நீட்டுகிற இடத்திலெல்லாம் டீ குடிப்பார். கேட்டால், கொடுத்தவர் மனசு நோகுமாம்.

அவர் மனைவி முத்தாயம்மாளைப் பற்றி ஊரில் வேறு மாதிரி பேச்சு. கறாரான பொம்பளை, ஈவிரக்கம் இல்லாதவள் என்பார்கள். இருக்காதா பின்னே? அவர் தெருவில் சரி சொல்லிவிட்டு வந்த ஒவ்வொன்றையும் வாசலில் நின்று இல்லை என்று மாற்றிச் சொல்ல வேண்டியவள் அவள்தான். நகையை இரவல் கேட்டு வந்தவர்களையும் ஜாமீன் கையெழுத்துக்கு வந்தவர்களையும் அவள்தான் திருப்பி அனுப்பினாள். போனவர்கள், “அவரு நல்ல மனுசன், அந்தம்மாதான் ஆகாது” என்று சொல்லிக்கொண்டே போனார்கள். நாளடைவில் அவளைக் கல்யாணம் காட்சிக்குக் கூப்பிடுவதுகூடக் குறைந்துபோனது. எப்படியும் மாட்டேன் என்றுதானே சொல்லப்போகிறாள் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். தீனதயாளன் இதையெல்லாம் கவனித்ததே இல்லை. அவருக்குத் தன் வீட்டில் ஏதோ ஒரு விதத்தில் எல்லாம் சரியாகிவிடுகிறது என்று மட்டும் தெரியும்.

அவருடைய அப்பாவுக்குத் தறி இருந்தது. இவர் தறியில் உட்காரவில்லை. சேலம் கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் முப்பத்தொரு வருடமாக வேலை. வெள்ளை மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முகூர்த்தப் பட்டு எடுக்க வருகிறவர்களுக்குச் சீலையைப் பிரித்துக் காட்ட வேண்டும், மடித்து வைக்க வேண்டும். அதில் அவர் கெட்டிக்காரர். முந்தியை ஒரு வீச்சில் விரித்தால் ஒரு சுருக்கம் இருக்காது. அந்த வேலை அவருக்குப் பிடித்திருந்தது. அதைவிடப் பிடித்தது அந்த வேலைக்குப் போகிற ரயில்.

சேலத்துக்கும் கரூருக்கும் இந்தப் பாதை போட்டுப் பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். அதற்கு முன்பு ராசிபுரம் போய், அங்கிருந்து சேலம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய், இறங்கும்போது சட்டையில் பாதிப் பொத்தான் இருக்காது. ரயில் வந்த பிறகு வாழ்க்கையே வேறாகிவிட்டது. தொட்டியங்காடு ஹால்டில் ஒரு தகரக் கூரை, ஒரு புளியமரம், டிக்கெட் கொடுக்க ஒரு சின்ன அறை, அவ்வளவுதான். காலை ஏழு ஐம்பத்திரண்டுக்கு பாசஞ்சர் வரும். என்ஜினிலிருந்து மூன்றாவது பெட்டி. கிழக்கே போதமலை தெரியும் ஜன்னல். எட்டரைக்கெல்லாம் சேலம். மாதத்துக்கு ஒரு சீசன் டிக்கெட் எடுத்துவிட்டால் பிறகு அதைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

அந்தப் பெட்டியில் எல்லோரும் பழக்கம். அஸ்தம்பட்டியில் ஒரு கிளினிக்கில் நர்ஸாக இருக்கும் நர்மதா பாதித் தூக்கத்தில் ஏறி, ஜடையைப் பின்னிக்கொண்டே வருவாள். ஒரு கல்லூரி விடுதியில் சமைக்கும் ஜானகியம்மாள் இறங்குவதற்குள் ஊர் நியாயம் முழுவதையும் தீர்த்துவிடுவார். ஆயுத பூஜைக்கு முதல் நாள் எல்லோரும் சேர்ந்து பெட்டி வாசலில் வாழைக்கன்று கட்டி, மாவிலைத் தோரணம் போட்டு, என்ஜினுக்குச் சந்தனம் வைத்து, பொரியும் கடலையும் கொடுப்பார்கள். பொரி மூட்டை வருடா வருடம் தீனதயாளன் செலவு. யாரோ ஒரு வருடம் கேட்டார்கள், அவரும் சரிங்க என்றுவிட்டார்.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்த ரயிலில்தான் ஒரு சித்திரை மாதக் காலையில் வெண்ணிலா ஏறினாள்.

ஆத்தூர்ப் பக்கத்துப் பெண். இருபத்திரண்டு வயது இருக்கும். ஏதோ ஒரு ஆய்வு நிறுவனத்துக்கு நாள்கூலி. கையில் ஒரு கத்தைப் படிவம், கழுத்தில் அட்டை, நெற்றியெல்லாம் வேர்வை. முதலில் உட்கார்ந்திருந்தவர் தீனதயாளன். அவரிடம்தான் வந்தாள்.

“ஐயா, ஒரு ஃபாரம் எழுதித் தர்றீங்களா?”

“சரிங்க அம்மிணி.”

படிவத்தில் மூன்று கேள்விகள். குடிநீர், கழிப்பறை, மின்விசிறி மேம்பட வேண்டுமா? அதற்காகக் கட்டணம் கூடினால் சம்மதமா? இந்த ரயிலையும் வழியிலுள்ள சிறு நிலையங்களையும் ஒரு தனியார் நிறுவனம் எடுத்து நடத்தச் சம்மதமா? அவர் படிக்காமல் போட்டுவிட்டார் என்று பிற்பாடு சிலர் அவருக்காக வாதாடினார்கள். அது பொய். மூன்றையும் படித்தார். மூன்றாவதில் பேனா கொஞ்சம் நின்றது. நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பெண் துப்பட்டாவால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு அவர் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் கேள்விக்கு ஆமாம் என்றுவிட்டு மூன்றாவதற்கு இல்லை என்பது, வீட்டுக்கு வந்த ஒறம்பரைக்கு இலை போட்டுவிட்டுச் சோறு இல்லை என்பது போல அவருக்குப் பட்டது. மூன்றிலும் ஆமாம் என்று டிக் அடித்தார்.

அத்தோடு விட்டிருந்தால் ஒரு ஓட்டோடு போயிருக்கும். விதி யாரை விட்டது? “எத்தன பேருகிட்ட வாங்கோணும் அம்மிணி?” என்று கேட்டார்.

“நூத்தி இருபது ஐயா. சாயங்காலத்துக்குள்ள வாங்கலைன்னா இன்னைக்குக் கூலி கிடையாது. யாருமே நின்னு பதில் சொல்ல மாட்டேங்கறாங்க.”

அவருக்கு மனசு கேட்கவில்லை. தன் இடத்தில் அவளை உட்காரவைத்தார், தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார், படிவக் கத்தையில் பாதிக்கு மேல் வாங்கிக்கொண்டு பெட்டி பெட்டியாகக் கிளம்பிவிட்டார். “பாவம், வெயில்ல ஒரு புள்ள அலையுது. ஒரு கையெழுத்துப் போட்டு உடுங்க. எல்லாத்துக்கும் ஆமான்னு போட்டாப் போதும்.” இத்தனை வருடத்தில் யாரிடமும் ஒரு உதவியும் கேட்காத மனிதர் முதல் தடவையாகக் கேட்கிறார். யார் மறுப்பார்கள்? சேலம் வருவதற்குள் எழுபத்து நாலு படிவம் சேர்த்துவிட்டார். ஐந்து நாளைக்கு அவருக்கு அந்தச் சந்தோஷம் இருந்தது. வீட்டில் முத்தாயம்மாளிடம்கூடச் சொன்னார். அவள் பூண்டு உரித்துக்கொண்டே, “எதுக்கு எழுதி வாங்கறாங்கன்னு கேட்டீங்களா?” என்றாள். அவர் கேட்கவில்லை.

ஆடி மாதம் ஹால்டின் சுவரில் பதில் ஒட்டியிருந்தது. பயணிகளிடம் நடத்திய கருத்துக் கேட்பில் பெரும்பாலானோர் ஆதரவு தெரிவித்திருப்பதால், காலை மாலை ரயில்கள் ஐப்பசி முதல் ஒரு நிறுவனத்தால் இயக்கப்படும். கட்டணம் நான்கு மடங்கு. சீசன் டிக்கெட் செல்லாது. வருமானம் குறைவான மூன்று நிலையங்களில் ரயில் நிற்காது. அந்த மூன்றில் முதல் பெயர் தொட்டியங்காடு.

அறிவிப்பைச் சுற்றிக் கூட்டம். நர்மதா சத்தமாகப் படித்தாள். படித்து முடித்ததும், “ரெண்டு பஸ்ஸு மாறி அஸ்தம்பட்டி போறதுன்னா நா ஆறு மணிக்கே கெளம்போணும். புள்ளைகளுக்கு யாரு சோறு கட்டறது?” என்றாள். ஜானகியம்மாள், “நாலு பங்கு காசு குடுக்கறதுக்கு நா சமைக்கற வேலைய உட்டுட்டு ஊட்லயே இருந்துக்கலாம்” என்றார். பிறகு யாரோ கேட்டார்கள், “ஆதரவுன்னு போட்டிருக்குதே, ஆருங்க ஆதரவு சொன்னது?”

ஒவ்வொருவராக ஞாபகம் வந்தது. ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். புளியமரத்தடியில் தீனதயாளன் நின்றுகொண்டிருந்தார்.

திட்டியிருந்தால் தேவலை. எங்கள் பக்கத்து ஆட்கள் திட்ட மாட்டார்கள். நர்மதா கிட்டே வந்து, “போச்சாதுங்கண்ணா, உட்டுத் தள்ளுங்க, நீங்க வேணுமுன்னா பண்ணுனீங்க?” என்றாள். அது அவரை அடித்துப் போட்டுவிட்டது. அன்று ரயிலில் அவர் ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு போனார். மறுநாள் ரயிலுக்கு வரவில்லை. ஒரு வாரம் மூட்டுவலியோடு பஸ்ஸில் நின்றுகொண்டு போனார். எல்லாவற்றையும் கெடுத்தவன் அந்தப் பெட்டியில் ஏற என்ன முகம் இருக்கிறது என்று அவருக்கு அசிங்கமாக இருந்தது.

ஏழாம் நாள் ராத்திரிச் சாப்பாட்டில் முத்தாயம்மாள் கேட்டாள். “ஏனுங்க, எதுக்கு பஸ்ஸுல போறீங்க?” சொன்னார். முழுவதும் சொன்னார். கடைசியில், “நா என்ன பண்றது முத்தாயி, ஆராவது கேட்டுப்போட்டாங்கன்னா வேண்டாங்கறதுக்கு எனக்கு வாயே வரமாட்டீங்குது” என்றார்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். “உங்களுக்கு வாய் வரலீன்னா அந்த வார்த்தை எங்க போவுதுன்னு நெனைச்சீங்க? எம்பட வாய்க்குத்தான் வருது. முப்பது வருசமா நீங்க சொல்ல வேண்டிய வேண்டாமெல்லாம் நாந்தான் சொல்லிக்கிட்டிருக்கறேன். ஊருக்கு நீங்க நல்லவரு, நா ஆகாதவ. எனக்கு மட்டும் நாலு பேரு கூப்பிடோணும், சரின்னு சொல்லோணும்னு ஆசை இருக்காதுங்களா?”

அவருக்கு முப்பது வருடமும் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தது.

“மத்ததெல்லாம் போவுது. இது ரயிலு. இதுக்கு நா வாசல்ல நின்னு வேண்டாமுன்னு சொல்ல முடியாது. கையெழுத்து உங்களது” என்றாள். பிறகு அவருக்கு ரசம் ஊற்றினாள்.

மறுநாள் அவர் முருகானந்தத்தைப் பார்க்கப் போனார். முருகானந்தம் கூட்ஸ் ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பயணிகள் சங்கம் என்று ஒரு பலகை, அதற்குப் பின்னால் அவர் ஒருவர். மத்தியானம் இரண்டு மணிக்கும் கொடி காட்டுகிற குரலில்தான் பேசுவார். தீனதயாளன் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் கத்த ஆரம்பித்தார்.

“எங்கப்பன் காடு ஒண்ணேகால் ஏக்கரு இந்தத் தண்டவாளத்துக்கு அடியில கெடக்குது தெரியுமுங்களா? பொதுவுக்குன்னு கேட்டாங்க, குடுத்தோம். இன்னிக்கு அதும்மேல ஒருத்தன் வண்டி ஓட்டி லாபம் பாப்பானாம், நம்ம ஊர்ல நிக்கமாட்டானாம். லாபம் வர்ற வண்டிய அவன் எடுத்துக்குவான், வராதத கவர்மெண்டு வெச்சுக்கோணும். நாளைக்கு அதையும் நட்டமுன்னு நிறுத்திப்போடுவாங்க. நா நாப்பது மனு போட்டுட்டேன். எல்லாத்துக்கும் ஒரே பதிலு, பயணிகளே ஆதரவுன்னு.”

“நாந்தானுங்க அது” என்றார் தீனதயாளன்.

“தெரியும். ஆவணி ரெண்டாவது சனிக்கெழமை சேலத்துல ஒரு மண்டபத்துல கூட்டம் போடறாங்க. கடைசியாக் கேக்கறாங்களாம். நா பேசுனா சங்கத்துக்காரன்னு தள்ளிப்போடுவாங்க. ஆமான்னு எழுதுனவங்களே வந்து வேண்டாமுன்னு சொல்லோணும். எழுபத்து நாலு பேரையும் கூட்டிட்டு வாங்க.”

“சரிங்க” என்றார்.

இரண்டு வாரம் வீடு வீடாகப் போனார். பெட்டி பெட்டியாகவும் போனார். ஒவ்வொருவரிடமும் முதலில் தன் தப்பைச் சொன்னார், பிறகு கூப்பிட்டார். எல்லோரும் வருகிறோம் என்றார்கள். வரவும் செய்தார்கள். அந்தச் சனிக்கிழமை காலை மூன்றாவது பெட்டியில் உட்கார இடமில்லை. முத்தாயம்மாளும் வந்தாள். ரயில் போட்ட நாளிலிருந்து அவள் அதில் ஏறியதில்லை. அவரை அங்கே தனியாக விட்டால் கம்பெனிக்காரனுக்கு வீட்டையும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிடுவார் என்று நர்மதாவிடம் சொன்னாள்.

மண்டபத்தில் குளிர்சாதனம், மேடையில் இரண்டு அதிகாரிகள். கம்பெனி மேனேஜர் ஒருவர் வாசலிலேயே நின்று கும்பிட்டு வரவேற்றார். சூட்டு கோட்டுப் போட்ட வெளியூர்க்காரனாக இருப்பான், சண்டை பிடிக்கலாம் என்று வந்தவர்களுக்குப் பெரிய ஏமாற்றம். அவர் நம் பக்கத்துக்காரர். “வாங்க வாங்க, நல்லா இருக்கறீங்களா? சித்த உக்காருங்க, பாதாம்பால் வரும்” என்று வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ போட்டுப் பேசினார். இனி எப்படிச் சண்டை போடுவது?

முருகானந்தம் முதலில் பேசினார். மைக் தேவைப்படவில்லை. மேனேஜர் எழுந்து நின்று கேட்டுவிட்டு, “பெரியவரு சொல்றது அத்தனையும் குறிச்சுக்கிட்டேங்க” என்று கும்பிட்டார். பிறகு பயணிகள் ஒவ்வொருவராகப் போனார்கள். போகும்போது முறுக்கிக்கொண்டு போனவர்கள் மைக் முன்னால் போனதும் குழைந்துவிட்டார்கள். ஒருவர், “நல்லாப் பண்ணுவீங்கன்னாச் சரிங்க” என்றார். இன்னொருவர், “நீங்க பாத்துச் செய்யுங்க” என்றார். ஊர் நியாயமெல்லாம் தீர்க்கும் ஜானகியம்மாள் கையில் பாதாம்பாலோடு போய், “பாலு நல்லா இருக்குதுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். முருகானந்தம் தலையில் கை வைத்துக்கொண்டார். அதிகாரி ஒருவர் ஏதோ எழுதிக்கொண்டார். ரயில் கை நழுவிப் போய்க்கொண்டிருந்தது, அதுவும் மரியாதையோடு.

தீனதயாளன் பெயரைக் கூப்பிட்டார்கள். மேனேஜர் மேடையை விட்டு இறங்கி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “ஐயா, உங்க படிவந்தான் மொத படிவம். எங்களுக்கு நம்பிக்கை குடுத்ததே நீங்கதான். சொல்லுங்க சாமி.” கையில் ஒரு டம்ளர் பாலும் கொடுத்தார். தீனதயாளன் அதைக் குடித்தார். குடித்துவிட்டு மைக்கைப் பார்த்தார். தொண்டை வரைக்கும் ‘சரிங்க’ வந்துவிட்டது.

பின்வரிசையைப் பார்த்தார். முத்தாயம்மாள் அவரைப் பார்க்கவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வருடம் வாசலில் நின்றவள் அவள். அவருக்கு அழுகை வரும் போல இருந்தது.

மேடைக்குப் பின்னால் திரையில் படம் ஓடிக்கொண்டிருந்தது. நீல இருக்கை, பளபளக்கும் கழிப்பறை, தொப்பி வைத்த பணிப்பெண். ஒன்று போய் ஒன்று வந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவருக்கு ஒன்று தோன்றியது. இது தனக்குத் தெரிந்த வேலை. இதைத்தான் முப்பத்தொரு வருடமாக வெள்ளை மெத்தையில் உட்கார்ந்து செய்துகொண்டிருக்கிறார்.

“நா சேலத்துல சீலைக்கடையில இருக்கறனுங்க” என்று ஆரம்பித்தார். குரல் மெதுவாக இருந்தது. மேனேஜர் மைக்கைப் பக்கத்தில் நகர்த்திக் கொடுத்தார். “கல்யாண ஊட்டுக்காரங்க வருவாங்க. ஒரு குடும்பத்துக்கு எழுபது எம்பது சீலை பிரிச்சுக் காட்டுவேன். வேண்டாம், வேண்டாம், அது வேண்டாமும்பாங்க. கடைசில ஒண்ணும் எடுக்காம எந்திரிச்சுப் போறவங்களும் உண்டு. ஒரு நாளைக்கு இருநூறு வேண்டாம் கேட்டிருக்கறனுங்க. இதுவரைக்கும் எனக்கு ஒண்ணும் ஆவல. மடிச்சு வெச்சுட்டு அடுத்தாளுக்குப் பிரிக்கப் போயிருவேன். அத்தன வேண்டாம் கேட்டவன், வாழ்க்கையில ஒண்ணுகூடச் சொன்னதில்லீங்க. சொன்னா எதிராளி தாங்கமாட்டாருன்னு நெனைச்சுக்கிட்டிருந்தேன்.”

மண்டபத்தில் சிலர் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அதோடு தொண்டையிலிருந்த ‘சரிங்க’ கீழே இறங்கிவிட்டது.

“நீங்க நல்லாப் பிரிச்சுக் காட்டுனீங்க. பாத்தோம். பாலும் நல்லா இருந்துச்சு. வேண்டாங்க. மடிச்சு வெச்சுருங்க.”

மேனேஜர் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. “ஐயா, வசதி வேணுமுன்னு நீங்களே எழுதியிருக்கறீங்களே?”

“வேணுமுங்க. டேசன்ல ஒரு கொழாய் வேணும், பெட்டியில வெளக்கு எரியோணும். அத ரயிலுக்காரங்க கிட்டத்தான் கேப்போம். அவங்க நமக்குப் பதில் சொல்லோணும். எங்க கடை புடிக்கலீன்னா எதுத்த கடைக்குப் போவாங்க. தண்டவாளம் ஒண்ணுதானுங்களே இருக்குது? நீங்க நிக்கமாட்டேன்னு போயிட்டா நாங்க எந்தக் கடைக்குப் போறது?” அதிகாரிகள் பக்கம் திரும்பினார். “அந்தப் படிவம் எழுபத்து நாலும் நா கேட்டதுக்காவப் போட்டதுங்க. ரயிலுக்காவப் போட்டதில்ல. எம்பட தப்பு அது. எம்பட படிவத்துல வேண்டாமுன்னு எழுதிக்குங்க.”

ஒரு ஆள் சொல்லிவிட்டால் அடுத்தவருக்குச் சுலபம் போலிருக்கிறது. நர்மதா எழுந்து நின்ற இடத்திலிருந்தே, “எம்படதுக்கும் வேண்டாங்க” என்றாள். ஜானகியம்மாள் டம்ளரை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு எழுந்தார். “பாலு நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா வேண்டாங்க.” பிறகு வரிசை வரிசையாக எழுந்தார்கள். ஒருவர்கூடக் குரலை உயர்த்தவில்லை, கும்பிட்டுக் கும்பிட்டுத்தான் சொன்னார்கள். முருகானந்தம் மட்டும் எப்போதும் போலக் கத்தினார்.

உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. மறுபடியும் கருத்துக் கேட்பது என்று முடிவானது. புரட்டாசி முதல் வாரத்தில் அதே வெண்ணிலா அதே கத்தையோடு ரயிலில் ஏறினாள். பெட்டியே அவளை முறைத்தது. அவள் பயந்துபோய் வாசலிலேயே நின்றாள். தீனதயாளன் எழுந்து தன் இடத்தைக் கொடுத்தார், தண்ணீர் கொடுத்தார், “நூத்தி இருபதுங்களா அம்மிணி?” என்று கத்தையில் பாதியை வாங்கிக்கொண்டு கிளம்பினார். இந்தத் தடவை அவர் சொன்னது வேறு. “மூணு கேள்வியையும் படிச்சுப் பாருங்க. உங்க மனசுல என்ன தோணுதோ அதப் போடுங்க. புள்ளைக்குத் தேவை படிவந்தான், ஆமா இல்லைங்கறது இல்ல.” சேலம் வருவதற்குள் நூற்றிருபதும் முடிந்தது. மூன்றாவது கேள்விக்கு நூற்றுப் பதினெட்டு பேர் இல்லை. மீதி இரண்டு பேர் தூக்கக் கலக்கத்தில் எதிலோ டிக் அடித்திருந்தார்கள். வெண்ணிலாவுக்கு எட்டரை மணிக்கே அன்றைய வேலை முடிந்துவிட்டது. “உங்க பெட்டி மாதிரி வேற எங்கேயும் கிடையாது ஐயா” என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனாள்.

ஆயுத பூஜைக்கு நான்கு நாள் முன்னால் ஹால்டின் சுவரில் புதுத் தாள் ஒட்டினார்கள். பழைய அறிவிப்பு மறு உத்தரவு வரும் வரை நிறுத்தி வைக்கப்படுகிறது. தொட்டியங்காட்டில் ரயில் வழக்கம் போல நிற்கும். முருகானந்தம் அதை மூன்று தடவை படித்துவிட்டு, “நிறுத்தி வெச்சுருக்காங்க, ரத்துப் பண்ணல. திரும்ப வருவாங்க” என்றார். “வரட்டுங்க, திரும்பச் சொல்லிக்கலாம்” என்றார் தீனதயாளன். புளியமரத்தடியில் நின்றிருந்தவர்கள் அவரை ஆச்சரியமாகப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு மனிதர் அடியோடு மாறிவிட்டார், மொபெட்டைப் போய் மீட்டு வந்துவிட்டார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். இல்லை. அது இன்னும் குமாரபாளையத்தில்தான் ஓடுகிறது. ஆனால் டீயை மட்டும் நிறுத்திவிட்டார். அறிவு அந்த வாரமே வந்து அரிசி அரைக்கும் மிஷினை ஒரு நாளைக்குக் கேட்டபோது, முத்தாயம்மாள் வழக்கம் போல முந்தானையைச் செருகிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அவள் வாய் திறப்பதற்குள், “அது ஊட்டுக்கு வேணும் அறிவு, வேண்டாம்” என்று உள்ளேயிருந்து குரல் கேட்டது. தன் வேலையை அவரே செய்துவிட்டதால், அவள் அறிவுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

பெட்டியில் பூஜை போடுவதற்கு முதல் நாள் சாயங்காலம் நர்மதா அவர்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் மாவிலைக் கட்டு. வாசலில் தயங்கி நின்றாள். தீனதயாளன் உள்ளே பொரி மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

“அக்கா, நாளைக்குப் பெட்டியில பூஜை. மொதச் சூடம் நீங்க காட்டோணுமுன்னு எல்லாருஞ் சொல்றாங்க. ஜானகியம்மாதான் என்னய அனுப்பிச்சாங்க.” பிறகு அவசரமாக, “உங்களுக்கு முடியலீன்னா போச்சாதுங்கக்கா” என்று சேர்த்துக்கொண்டாள். அந்த வீட்டு வாசலில் என்ன பதில் வரும் என்று ஊருக்கே தெரியும்.

தீனதயாளன் மூட்டைக் கயிற்றைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தார். முத்தாயம்மாள் மாவிலையை வாங்கிக்கொண்டாள். ஒரு நிமிடம் யோசித்தாள்.

“சரி அம்மிணி,” என்றாள், “வாரேன்.”